தாழ்ச்சி (கத்தோலிக்க நற்பண்பு)

தாழ்ச்சி என்பது, ஒருவர் கடவுளுக்கு முன் தாம் யார் என்பதை உள்ளபடி அறிந்து, அந்த அறிவுக்கு ஏற்ப வாழும் நற்பண்பு எனக் கத்தோலிக்க அறநெறி விளக்குகிறது. பணிவு, மனத்தாழ்மை ஆகிய சொற்களும் இதே பொருளில் வழங்குகின்றன. ஏழு தலையான பாவங்களின் வரிசையில் முதலில் வைக்கப்படும் செருக்குக்கு எதிரான பண்பு இது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேச வழக்கில் செருக்கு "ஆங்காரம்" எனப்பட்டது. அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்ட சொல்லே தாழ்ச்சி.

அன்றாடப் பேச்சில் தாழ்ச்சி என்றவுடன் நினைவுக்கு வருபவை வெளி அடையாளங்கள்: குரலைத் தாழ்த்திப் பேசுதல், பின்வரிசையில் அமர்தல், யாரேனும் பாராட்டினால் மறுத்தல். திருச்சபையின் மரபு இவற்றை முழுமையான தாழ்ச்சியாகக் கொள்வதில்லை. சிலவற்றை அது குற்றமாகவே எண்ணியதும் உண்டு. தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டாடப்படும் புனிதர்களில் பலர் அதிகாரிகளுக்கு முன் வாய் மூடி நின்றவர்களும் அல்லர். இந்தப் பண்பு எது, எது அல்ல என்ற கேள்வி இதனால்தான் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது.

சொல்லும் பின்னணியும்

இலத்தீன் மொழியில் தாழ்ச்சியைக் குறிக்கும் "ஊமிலித்தாஸ்" என்ற சொல் மண்ணைக் குறிக்கும் "ஊமுஸ்" என்ற சொல்லோடு தொடர்புடையது. பண்டைய உரோமையரிடையே இது பாராட்டுச் சொல்லாக இருக்கவில்லை. தாழ்ந்த குலம், தாழ்ந்த தொழில், மதிப்பற்ற நிலை ஆகியவற்றையே அது குறித்தது. கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் பெருமனம் படைத்தவரைப் புகழ்கிறார். பெருஞ்சிறப்புக்குத் தகுதி உடையவர், தமக்கு அத்தகுதி உண்டு என்று அறிந்தும் இருப்பவர் அவர். தமக்குத் தகுதி இருந்தும் அதைக் குறைத்து மதிப்பவரை அரிஸ்டாட்டில் சிறுமனத்தவர் என்று குறை கூறுகிறார். தாழ்ச்சியை நற்பண்பாகப் போற்றிய கிறித்தவம் இந்த மதிப்பீட்டுக்கு எதிராகவே தொடங்கியது. ஆனால் அரிஸ்டாட்டிலின் கேள்வி மறைந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது மீண்டும் எழுந்தபோது கிடைத்த விடையைக் கீழே காணலாம்.

விவிலியத்தில்

விருந்துக்குச் செல்பவர் கடைசி இடத்தில் அமர வேண்டும் என்ற அறிவுரை (லூக்கா 14:7-11), கோவிலில் வேண்டிய பரிசேயரும் வரிதண்டுபவரும் பற்றிய உவமை (லூக்கா 18:9-14), கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டதைப் பாடும் பகுதி (பிலிப்பியர் 2:6-11) ஆகியவை தாழ்ச்சி பற்றிய மறையுரைகளில் அடிக்கடி வருபவை.

அவற்றைவிடக் குறைவாகவே கவனிக்கப்படும் ஒரு செய்தி உண்டு. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவுகிறார். அக்காலத்தில் அது அடிமைகள் செய்த வேலை. கழுவி முடித்துப் பந்தியில் அமர்ந்தபின், தம்மைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அவர்கள் அழைப்பது சரியே என்று அவர் சொல்கிறார். தம் நிலையை அவர் மறைக்கவில்லை. அந்த நிலையில் உள்ளவர் செய்ததால்தான் அச்செயலுக்குப் பொருள் வருகிறது. லூக்கா நற்செய்தியில் மரியா பாடும் பாடலும் இப்படிப்பட்டதே. தம் தாழ்நிலையைச் சொல்லும் அதே மூச்சில், எல்லாத் தலைமுறைகளும் தம்மைப் பேறுபெற்றவர் எனப் போற்றும் என்றும் அவர் பாடுகிறார். அது தற்பெருமையாகத் தோன்றாததற்குக் காரணம், அந்தப் பேறு யாரிடமிருந்து வந்தது என்பதையும் அவர் உடனே சொல்லிவிடுவதே.

பெரிய வியாழன் வழிபாட்டில் காலடி கழுவும் சடங்கு இந்த நிகழ்வின் நினைவாகவே நடைபெறுகிறது. 1955இல் பன்னிரண்டாம் பயஸ் செய்த சீர்திருத்தத்தின்போது அது மாலைத் திருப்பலிக்குள் சேர்க்கப்பட்டது. சட்டப்படி ஆண்களின் காலடிகள் மட்டுமே கழுவப்பட வேண்டும் என்றிருந்தது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் உள்ள சிறார் சிறை ஒன்றில் பெண்கள், இசுலாமியர் உட்படப் பன்னிருவரின் காலடிகளைக் கழுவினார். 2016இல் சட்டமும் மாற்றப்பட்டது.

அகுஸ்தீனாரும் தோமா அக்குவைனாவும்

புனித அகுஸ்தீனார் (354-430) இளமையில் சொற்பொழிவுக் கலையின் ஆசிரியராக இருந்தவர். தியோஸ்கோருஸ் என்ற இளைஞர் மெய்யியல் நூல்கள் பற்றி நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பியபோது, அவர் எழுதிய பதிலில் பழைய கிரேக்கப் பேச்சாளர் தெமோஸ்தனீஸ் பற்றிய கதை வருகிறது. பேச்சுக் கலையில் முதன்மையானது எது என்று கேட்டபோதெல்லாம் பேசும் முறையே என்று தெமோஸ்தனீஸ் திரும்பத் திரும்பச் சொன்னாராம். உண்மையை அடையும் வழி எது என்று எத்தனை முறை கேட்டாலும் தாமும் அதுபோலத் தாழ்ச்சி என்றே சொல்வதாக அகுஸ்தீனார் எழுதினார். பெயர் பெறுவதற்காக விடைகளைத் தேடிய இளைஞருக்குக் கிடைத்த இந்தப் பதில் சற்றுக் கடுமையானதுதான்.

புனித தோமா அக்குவைனா (1225-1274) இப்பண்பை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். "இறையியல் தொகுப்பு" என்ற பெருநூலின் இரண்டாம் பாகத்தில் தாழ்ச்சிக்கும் அதன்பின் செருக்குக்கும் அவர் தனித்தனியே இடம் கொடுத்துள்ளார். அவருடைய முடிவுகளுள் மூன்று இன்றும் பயன்படுபவை.

முதலாவது அரிஸ்டாட்டிலுக்கான விடை. பெருமனமும் தாழ்ச்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை அக்குவைனா ஏற்கவில்லை. ஒருவர் கடவுளிடமிருந்து தாம் பெற்ற கொடைகளைக் கருதிப் பெரிய செயல்களுக்குத் தம்மைத் தகுதியுடையவராக எண்ணலாம். அதே மனிதர் தம் சொந்தக் குறைகளைக் கருதித் தம்மைச் சிறியவராகவும் எண்ணலாம். பார்க்கும் கோணம் வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே மனத்தில் இருக்க இடமுண்டு. ஆசையை அளவோடு நிறுத்துவது தாழ்ச்சியின் வேலை. அந்த ஆசை சோர்ந்து விழாமல் தாங்குவது பெருமனத்தின் வேலை.

இரண்டாவது, எல்லாரையும் தம்மைவிட மேலானவராக எண்ண வேண்டுமா என்ற கேள்வி பற்றியது. நன்றாகப் படிக்கும் மாணவர், படிக்காத மாணவரைவிடத் தாம் குறைவாகப் படித்ததாக நம்ப வேண்டுமா? தேவையில்லை என்பதே அக்குவைனாவின் கருத்திலிருந்து கிடைக்கும் விடை. தமக்குக் கடவுள் அளித்த கொடையைப் பிறருக்கு அளிக்கப்பட்ட கொடையைவிடக் குறைவானது என்று சொல்ல ஒருவருக்குக் கட்டாயமில்லை. தம்முடையது என்று மட்டும் சொல்லத்தக்க குறைகளை, பிறரிடம் கடவுள் வைத்துள்ள நன்மையோடு ஒப்பிட்டால் போதும்.

மூன்றாவது பலருக்கு வியப்பளிக்கக் கூடியது. தம்மிடம் உள்ள நன்மையை இல்லை என்று மறுத்துப் பேசுவதை அக்குவைனா பாவங்களின் பட்டியலில் சேர்க்கிறார். அது பொய் என்பதே காரணம். தாழ்ச்சியை அவர் நற்பண்புகள் அனைத்திலும் உயர்ந்ததாக வைக்கவும் இல்லை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய இறைசார் நற்பண்புகளுக்கும், அறிவுசார் நற்பண்புகளுக்கும், நீதிக்கும் பின்னர்தான் தாழ்ச்சிக்கு இடம். அடித்தளம் என்ற பெயர் அதற்குப் பொருந்துவது தடையை நீக்குகிறது என்ற அளவில்தான்.

ஒரு மடத்தின் ஒழுங்கு

இந்தப் பண்பைத் தனி மனிதரின் உள்ளத்தோடு நிறுத்தாமல் ஒரு குழுவின் நடைமுறையாக்கிய பெருமை நூர்சியாவின் புனித பெனடிக்டுக்கு உரியது. தமிழ் மரபில் ஆசீர்வாதப்பர் எனப்படும் இவர் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்தவர். துறவியருக்காக இவர் எழுதிய ஒழுங்கு நூலில் 73 அத்தியாயங்கள் உள்ளன. ஏழாம் அத்தியாயம் தாழ்ச்சிக்குரிய பன்னிரண்டு படிகளை விவரிக்கிறது. யாக்கோபு கனவில் கண்ட ஏணியைப் போல் அது உருவகிக்கப்படுகிறது. இந்த ஏணியில் செருக்கினால் இறங்குகிறார்கள், தாழ்ச்சியினால் ஏறுகிறார்கள்.

கடவுளின் பார்வையை எப்போதும் நினைவில் கொள்வதே முதல் படி. தன்விருப்பத்தை விடுதல், கீழ்ப்படிதல், கடினமானவற்றைப் பொறுமையோடு தாங்குதல், தீய எண்ணங்களை மடத்தலைவரிடம் மறைக்காமல் சொல்லுதல் என்று படிகள் தொடர்கின்றன. எளிதில் சிரிக்காதிருத்தலும், தலை குனிந்து நடத்தலும் இறுதியில் வருகின்றன. இன்றைய வாசகருக்குச் சில படிகள் மனத்தை நெருடக் கூடும். தன்னை எல்லாரிலும் கீழானவராக நாவால் மட்டுமன்றி உள்ளத்தாலும் நம்ப வேண்டும் என்ற ஏழாம் படி அப்படிப்பட்டது. ஆயினும் வரிசையைக் கவனிக்க வேண்டும். வெளித்தோற்றம் கடைசிப் படியாகவே வருகிறது. அதை முதலில் பழகத் தொடங்குபவர் ஏணியைத் தலைகீழாகப் பிடித்தவர் ஆவார்.

ஏழாம் அத்தியாயத்தைவிட, அந்நூலின் சிறு சட்டங்கள் சிலவே தாழ்ச்சி பற்றி அதிகம் கற்பிக்கின்றன எனலாம். மடத்தில் ஒருவரின் இடம் அவர் அங்கே சேர்ந்த நாளைப் பொறுத்தது. வயதும் குலமும் செல்வமும் கணக்கில் இல்லை. அடிமையாக இருந்து வந்தவருக்கு மேலாக, குலத்தை மட்டும் கருதிச் சுதந்திரராய்ப் பிறந்தவரை வைக்கக் கூடாது. அடிமை முறை இயல்பாகக் கருதப்பட்ட சமூகத்தில் எழுதப்பட்ட விதி இது. சமையலறைப் பணியை வாரந்தோறும் முறை வைத்துச் செய்ய வேண்டும். வாரம் முடியும்போது, முடிப்பவரும் தொடங்குபவரும் எல்லாருடைய காலடிகளையும் கழுவ வேண்டும். கைவினைஞர் தம் திறமையால் மடத்துக்கு வருவாய் வருகிறது என்று இறுமாந்தால் அந்த வேலையிலிருந்து அவரை விலக்க வேண்டும்.

முக்கியமான செய்தி எதையும் முடிவு செய்யுமுன் மடத்தலைவர் எல்லாத் துறவியரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது மூன்றாம் அத்தியாயம். இளையவரின் வழியாகவே கடவுள் பல வேளைகளில் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இங்கே தாழ்ச்சி கேட்கப்படுவது தலைவரிடம்.

அசிசியின் புனித பிரான்சிஸ் (1182-1226) இதே வழியில் இன்னொரு அடி எடுத்து வைத்தார். அக்கால இத்தாலிய நகரங்களில் மக்கள் பெரியோர் என்றும் சிறியோர் என்றும் பிரிந்திருந்தனர். தம் சபைக்குச் "சிறிய சகோதரர்கள்" என்று அவர் பெயரிட்டது அந்தச் சமூக ஏணியில் தாங்கள் நிற்கும் படியைச் சொல்வதாகவும் இருந்தது. சபைத் தலைவர்கள் "பணியாளர்" என்ற பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டனர். 1220இல் அவரே தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார்.

போலித் தாழ்ச்சி

அவிலாவின் புனித தெரேசா (1515-1582) தம் தன்வரலாற்றில் ஓர் அனுபவத்தைக் குறிப்பிடுகிறார். தம்மைப் போன்ற பாவி கடவுளோடு நெருங்கிப் பேசத் தகுதியற்றவர் என்று எண்ணி, உள்ளத்தில் செய்யும் மன்றாட்டை அவர் ஓராண்டுக்கும் மேலாகக் கைவிட்டிருந்தார். அது தாழ்ச்சி போலத் தோன்றியது. உண்மையில் அது தம் வாழ்க்கையில் நேர்ந்த மிகப் பெரிய ஏமாற்று என்று பின்னாளில் அவர் கருதினார். தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பதே என்ற அவருடைய விளக்கம், 1577இல் எழுதிய "உள்ளக் கோட்டை" நூலில் இடம்பெற்றுள்ளது. இன்று தாழ்ச்சி பற்றிக் கத்தோலிக்கர் பேசும்போது பெரும்பாலும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இதே தெரேசா கார்மேல் சபையின் சீர்திருத்தத்துக்காக ஸ்பெயின் முழுவதும் மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும் அலைந்து பதினேழு மடங்களை நிறுவினார். கடன் வாங்கினார், வழக்குகளைச் சந்தித்தார், அரசருக்குக் கடிதம் எழுதினார். திருத்தந்தையின் தூதராக வந்த பிலிப்போ சேகா, ஓரிடத்தில் தங்காமல் அலையும் கீழ்ப்படியாத பெண் என்று அவரைக் கண்டித்தார். பெண்ணுக்குரிய தாழ்ச்சி மடத்தின் சுவருக்குள் அமைதியாக இருப்பதே என்று தூதர் கருதியிருக்க வேண்டும். 1970இல் திருச்சபை தெரேசாவை மறைவல்லுநராக அறிவித்தது. அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

போலித் தாழ்ச்சியைக் கண்டுபிடிப்பதில் பெயர் பெற்றவர் உரோமையில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரி (1515-1595). காட்சிகள் காண்பதாகப் புகழ்பெற்ற ஒரு துறவியைச் சோதித்து வருமாறு திருத்தந்தை அவரை அனுப்பினார் என்று ஒரு மரபுக்கதை உண்டு. மழையில் நனைந்து சேறு படிந்த காலணிகளோடு மடத்தை அடைந்த நேரி, அந்தத் துறவியை அழைத்துக் காலணியைக் கழற்றிவிடுமாறு கேட்டார். அவர் முகம் சுளித்து மறுத்தார். நேரி வேறு எதையும் கேட்காமல் உரோமைக்குத் திரும்பி, சோதனை முடிந்தது என்றாராம். தம்மைப் புனிதர் என்று மக்கள் போற்றத் தொடங்கியபோது நேரி தாடியில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு தெருவில் நடந்தார் என்றும் சொல்வார்கள். கோமாளித்தனமும் தாழ்ச்சிக்குக் காவலாக இருக்கலாம் என்று நினைத்த புனிதர்கள் குறைவு. நேரி அவர்களுள் ஒருவர்.

லூர்து நகரின் பெர்னதெத்

1858 பெப்ரவரி 11 முதல் சூலை 16 வரை பிரான்சின் லூர்து நகரில் பதினெட்டு முறை ஒரு பெண்மணியின் காட்சியைக் கண்டதாகச் சொன்னபோது பெர்னதெத் சுபீருவுக்கு வயது 14. மாவு ஆலை நடத்தி நொடித்துப்போன அவருடைய குடும்பம், முன்பு சிறையாக இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தது. ஆஸ்துமா நோயாளியான அவருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது.

காவல் அதிகாரி ஜாக்கொமே அவரை விசாரித்தபோது, அவர் சொன்னதையே மாற்றி எழுதி வாசித்துக் காட்டிக் குழப்பப் பார்த்தார். தாம் அப்படிச் சொல்லவில்லை என்று அச்சிறுமி ஒவ்வொரு முறையும் திருத்தினார். மிரட்டியும் பின்வாங்கவில்லை. தம் வேலை செய்தியைச் சொல்வது மட்டுமே என்றும், நம்ப வைப்பது தம் பொறுப்பல்ல என்றும் அவர் கூறியதாகச் சான்றுகள் உள்ளன. காட்சியைக் கண்டது தம் சிறப்பினால் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கண்டதைக் காணவில்லை என்றும் சொல்லவில்லை. அக்குவைனா ஏட்டில் எழுதியது இங்கே ஒரு சிறுமியின் வாயில் இயல்பாக வந்தது.

1866இல் அவர் நெவேர் நகரத் துறவற மடத்தில் சேர்ந்தார். புகழ் அவரைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய மேலாளர்கள் வேண்டுமென்றே அவரைக் கடுமையாக நடத்தினர். 1867இல் அவர் வார்த்தைப்பாடு கொடுத்த நாளில், உடன் இருந்த துறவியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியிடம் அறிவிக்கப்பட்டது. பெர்னதெத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. எதற்கும் பயன்படாதவர் என்று ஆயருக்கு முன்பாகவே தலைவி சொன்னார். பின்னர் மருத்துவ அறையில் உதவுமாறு அவருக்கு ஒரு வேலை தரப்பட்டது. அதை அவர் திறமையாகவும் நகைச்சுவையோடும் செய்தார் என்று உடனிருந்தோர் சாட்சி கூறினர். வேலை முடிந்ததும் கதவுக்குப் பின்னால் வைக்கப்படும் துடைப்பத்துக்குத் தம்மை அவர் ஒப்பிட்டதாகவும் சொல்லப்படுகிறது. 1879 ஏப்ரல் 16 அன்று, 35ஆம் வயதில் அவர் இறந்தார். 1933இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

மேலாளர்களின் கடுமையே அவரைப் புனிதராக்கியது என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் சில எழுதின. அதை ஏற்பது கடினம். நெவேருக்கு வருமுன்பே, காவல் அதிகாரியின் மேசைக்கு முன்பே, அவரிடம் அந்தத் தாழ்ச்சி இருந்தது. பிறர் ஒருவரை அவமதிப்பது வேறு, அவர் தம்மை உள்ளபடி அறிவது வேறு.

லீமாவின் மார்ட்டின் தெ போரஸ்

இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும் வாழ்க்கை பெரு நாட்டின் புனித மார்ட்டின் தெ போரசுடையது. அவர் 1579இல் லீமா நகரில் பிறந்தார். தந்தை ஸ்பானிய உயர்குடியினர். தாய் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். பெற்றோர் மணம் புரிந்தவர்கள் அல்லர். சவரத் தொழிலும் அக்காலத்தில் அதனோடு சேர்ந்திருந்த காய மருத்துவமும் கற்ற மார்ட்டின், 15 வயதில் தொமினிக்கன் மடத்தில் சேர்ந்தார். கலப்பினத்தவரும் கறுப்பினத்தவரும் முழுத் துறவியாக அங்கே இடம் பெற முடியாது. எனவே பணியாளராகவே சேர்க்கப்பட்டார். தரை பெருக்கினார், துணி துவைத்தார், நோயாளிகளைக் கவனித்தார். 24ஆம் வயதில்தான் பொதுநிலைச் சகோதரராக வார்த்தைப்பாடு கொடுக்க அனுமதி கிடைத்தது.

மடம் கடனில் சிக்கியபோது, தம்மை அடிமையாக விற்றுக் கடனைத் தீர்க்குமாறு அவர் தலைவரிடம் சொன்னதாக ஒரு செய்தி அவர் வரலாற்றில் வருகிறது. தலைவர் மறுத்துவிட்டார். இச்செய்தி தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பல மறையுரைகளில் சொல்லப்படுகிறது. கேட்பவர் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய செய்தியும் இதுவே. லீமாவில் அவரைப் போன்ற நிறத்தவர் சந்தையில் உண்மையாகவே விற்கப்பட்டு வந்தனர். மார்ட்டினின் மனம் பெரியது. அப்படி ஒரு வாக்கியத்தை ஒரு துறவி சொல்லக் கூடிய நிலையில் வைத்திருந்த சமூகத்துக்கு அதில் பெருமை இல்லை.

அவருடைய செயல்கள் வேறொரு பக்கத்தையும் காட்டுகின்றன. தெருவில் கிடந்த நோயாளிகளை அவர் மடத்துக்குள் கொண்டுவந்தார். தொற்றுநோய்க் காலத்தில் அதைத் தலைவர் தடை செய்தபோது, குத்துப்பட்டு இரத்தம் வடிய நின்ற ஒருவரைத் தம் அறைக்கே அழைத்துச் சென்றார் என்று சொல்லப்படுகிறது. கண்டிக்கப்பட்டதும், அன்பைவிடக் கீழ்ப்படிதல் மேலானது என்பதைத் தாம் அறியவில்லை என்று அவர் பணிவோடு கூறிய பதிலில் மெல்லிய குத்தல் இருந்தது. தலைவருக்கும் அது புரிந்தது. தடை நீங்கியது. 1639 நவம்பர் 3 அன்று மார்ட்டின் இறந்தார். 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். ஓவியங்களில் அவர் கையில் பெரும்பாலும் ஒரு துடைப்பம் இருக்கும்.

பதவியும் துறவும்

"கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியர்" என்ற பட்டத்தைத் திருத்தந்தையருக்கு நிலைபெறச் செய்தவர் பெரிய கிரகோரி (திருத்தந்தையாக 590-604). பட்டங்கள் பழகப்பழகப் பொருள் இழப்பவை. பிற்காலத்தில் போர் தொடுத்த திருத்தந்தையரும் இதே தொடரால்தான் தம் ஆவணங்களைத் தொடங்கினர்.

அதைவிடச் சிக்கலானது ஐந்தாம் செலஸ்தீனின் கதை. மலையில் தனித்து வாழ்ந்த இம்முதிய துறவி 1294இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிருவாகம் அவருக்குக் கைவரவில்லை. நியமனங்கள் குழம்பின. நேப்பிள்ஸ் அரசர் அவரைத் தம் பிடியில் வைத்துக்கொண்டார். ஐந்து மாதங்களில், 1294 திசம்பர் 13 அன்று அவர் பதவி விலகினார். அடுத்து வந்த எட்டாம் போனிப்பாஸ் அவரைக் கோட்டை ஒன்றில் காவலில் வைத்தார். 1296இல் அங்கேயே இறந்தார். கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நரகத்தின் வாயிலில் பெயர் சொல்லாமல் நிறுத்திய ஒரு கோழை இவரே என்று உரையாசிரியர் பலர் கருதினர். திருச்சபையோ 1313இல் இவரைப் புனிதராக அறிவித்தது. ஒரே செயலை ஒருவர் கோழைத்தனம் என்கிறார், மற்றொருவர் தாழ்ச்சி என்கிறார். தம்மால் இயலாது என்று அவர் அறிந்தது உண்மை என்ற அளவில் திருச்சபையின் தீர்ப்பே வலுவுடையதாகத் தோன்றுகிறது. 2009இல் பதினாறாம் பெனடிக்ட் லாக்குயிலா நகரில் செலஸ்தீனின் கல்லறைமேல் தம் பாலியம் என்னும் தோள்துகிலை வைத்து வணங்கினார். 2013இல் அவரும் பதவி விலகினார்.

தமிழ் மரபில்

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் காப்பியத் தலைவர் புனித யோசேப்பு (வளன்). தமிழ்க் காப்பிய இலக்கணம் தன்னேரில்லாத தலைவரை வேண்டுகிறது. நற்செய்தி நூல்களில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. தொழிலால் தச்சர். அவரைத் தலைவராக வைத்து 3615 பாடல்கள் பாடியதே தாழ்ச்சி பற்றிய ஒரு விளக்கவுரை போல் அமைந்துவிட்டது.

திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளராக இருந்த தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றார். உயர்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்த அவர், தாழ்த்தப்பட்ட மக்களோடு கலந்து பழகியது அவர்மீது எழுந்த பகைக்குக் காரணங்களுள் ஒன்று. இழிவுபடுத்துவதற்காக எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்ட அவர், 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவருடைய பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்துக் கோவில்களில் சாதிவாரியாக இருக்கைகளும் கல்லறைகளும் பிரிக்கப்பட்டிருந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், அந்த விடுபாடு சிறிய செய்தியன்று.

தாழ்ச்சியின் பெயரால்

தாழ்ச்சி யாரிடம் கேட்கப்படுகிறது என்பது கத்தோலிக்க இறையியலில் அண்மைக் காலத்தில் வலுவாக எழுந்துள்ள கேள்வி. பெண்ணிய இறையியலாளரும் விடுதலை இறையியலாளரும் இதை முன்வைத்தனர். செருக்கே எல்லாருடைய முதன்மைப் பாவம் என்ற கருத்து, அதிகாரத்தில் இருந்த ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்தது என்பது அவர்களின் வாதம். ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் சென்று இன்னும் தாழ்ந்திரு என்பதற்கு விவிலியத்தில் ஆதாரம் தேடுவது கடினம். காலடி கழுவும் நிகழ்வில் ஆண்டவர்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். பெனடிக்டின் ஒழுங்கில் தலைவர்தான் இளையவரின் சொல்லைக் கேட்கிறார். மரியாவின் பாடலில் அரியணையிலிருந்து இறக்கப்படுபவர் வலியோர்.

திருப்பணியாளர் சிலர் செய்த பாலியல் குற்றங்கள் பல நாடுகளில் வெளிவந்தபோது இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. கீழ்ப்படிதல், தாழ்ச்சி, திருச்சபையின் நற்பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பாதிக்கப்பட்டோரை மௌனமாக்கிய நிகழ்வுகள் விசாரணைகளில் பதிவாயின. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றங்களைப் பற்றி அறியவரும் திருப்பணியாளரும் துறவியரும் திருச்சபை அதிகாரியிடம் அறிவிப்பதைக் கடமையாக்கியது. அறிவிப்பவர்மீது பழிவாங்கும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும், அவரிடம் மௌனம் காக்குமாறு கட்டளையிடக் கூடாது என்றும் அதில் உள்ளது. முதலில் மூன்றாண்டுக் காலத்துக்குச் சோதனையாக வந்த அச்சட்டம், 2023இல் திருத்தப்பட்டு நிலையான சட்டமாகியது.